எஞ்சினின் தாளமும் அதன் பிழையும்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாக உடப்புசல்லாவைக்குச் செல்லும் பாதை, தேயிலைச் சரிவுகளை வளைந்து வளைந்து தழுவிச் செல்லும் மலைப்பாதையாகும். முன்னாளில் நானுஓயாவிலிருந்து இராகலை வரை குறும்பாதைப் புகையிரதம் ஒன்று ஓடியது. 1940களில் அது நிறுத்தப்பட்ட பின்னர், இப்பகுதி மக்களின் போக்குவரத்து முழுவதும் வீதியையே நம்பி நிற்கின்றது. பறித்த கொழுந்து வாடிக் கெடுமுன் தொழிற்சாலையை அடைய வேண்டும். பேறுகால வேதனையுற்ற தாயை நள்ளிரவில் நுவரெலியா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆதலின், ஏற்றத்தில் வண்டி இழுக்க மறுப்பது இவ்வூர்களிற் சிறிய தொல்லையாக முடிவதில்லை. சில வேளைகளில் அஃது உயிர்ப்பிரச்சினையாகவே முடிந்துவிடும்.

இங்கு ஓடும் வண்டிகள் பல பழையவை. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மீண்டும் வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் உள்ள வண்டியைப் பேணிக் காப்பதன்றி வேறு வழியில்லை. 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள், ஒரு லீற்றர் எரிபொருள் வீணாவதன் பொருளை நன்கறிவார்கள். எரிபொருளை வீணாக்கி, ஏற்றத்தில் வலுவையும் குறைக்கும் கோளாறுகளுள் முதன்மையானது எஞ்சினின் கால ஒழுங்கு தவறுவதாகும். அதனைச் சரியாக இனங்காணாமையால், பழுதில்லாத எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பணத்தை இழப்போரும் உளர். அதனை இனங்காணும் முறை யாது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

ஜெர்மானியரான நிக்கோலஸ் ஓட்டோ 1876ஆம் ஆண்டில் வெற்றிபெறச் செய்த நான்கு வீச்சு முறையே இன்றைய பெற்றோல் எஞ்சின்களுக்கும் அடிப்படை. பிஸ்டன் கீழிறங்கும்போது கலவையை உள்ளிழுக்கின்றது. மேலேறும்போது அதனை அமுக்குகின்றது. பொறி விழுந்து கலவை எரிய, மீண்டும் கீழே தள்ளப்படுகின்றது. இறுதியாக மேலேறி, எரிந்த புகையை வெளியேற்றுகின்றது. இந்நான்கு வீச்சுகளும் நிறைவேறக் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்ற வேண்டும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டோ அதே நேரத்தில் ஒரு முறைதான் சுற்ற வேண்டும். இதற்காகவே கேம் ஷாஃப்ட்டின் பல்லுச்சக்கரம், கிராங்க் ஷாஃப்ட்டின் பல்லுச்சக்கரத்தைப் போல் இரு மடங்கு பற்களை உடையதாய் அமைந்திருக்கின்றது. இரண்டையும் ஒரு சங்கிலியோ இறப்பர்ப் பட்டியோ இணைக்கின்றது.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறதென்று கொள்வோம். அப்போது நான்கு சிலிண்டர்களுக்குமாக ஒரு விநாடியில் 100 பொறிகள் விழ வேண்டும். கிராங்க் ஷாஃப்ட் ஒரு பாகை திரும்புவதற்கு ஆகும் நேரம், விநாடியில் 18,000இல் ஒரு பங்கு. பத்துப் பாகை பிழை என்பது கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகச் சிறியது. ஆயினும் எஞ்சின் அதனைப் பொறுப்பதில்லை.

பொறி எப்போது விழ வேண்டும்? பிஸ்டன் உச்சப்புள்ளியை அடைந்த பின்னர்தான் என்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. கலவை முற்றும் எரிந்து அமுக்கம் உயர்வதற்குச் சிறிது நேரம் தேவை. அதனால் உச்சப்புள்ளிக்குச் சில பாகை முன்னதாகவே பொறி விழ வேண்டும். கருநாடக இசையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. தாளம் தொடங்குமுன்னே பாட்டை எடுப்பது அதீத எடுப்பு. தாளம் தொடங்கிய பின் எடுப்பது அனாகத எடுப்பு. எஞ்சினுக்குரியது அதீத எடுப்பு. வேகம் மிக மிக, எடுப்பும் மேலும் முந்த வேண்டும். இதன்பொருட்டு டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே, சுழலும்போது விரியும் சிறு எடைகள் உள்ளன. சுமை குறைந்து ஓடும்போது மேலும் சிறிது முந்தச் செய்வதற்கு வெற்றிடத்தால் இயங்கும் ஒரு மெல்லிய சவ்வும் உண்டு.

எனவே ஓர் எஞ்சினில் இரண்டு தாளங்கள் உள்ளன. ஒன்று வால்வுகளின் தாளம். மற்றையது பொறியின் தாளம். இவற்றுள் எது பிழைத்தது என்பதை அறிவதே நோய் காணும் கலை.

பொறி அளவுக்கு மேல் முந்தினால், ஏற்றத்தில் எஞ்சின் தகரத்தில் ஆணி கொட்டுவது போன்ற ஓசை எழுப்பும். ஸ்டாட் செய்யும்போது எஞ்சின் எதிர்த்து உதைக்கும். நெடுநாள் அவ்வாறு ஓடினால் பிஸ்டன் உருகித் துளைபடவும் கூடும். பொறி பிந்தினால் ஓசை எழாது. அதனாலேயே அது வஞ்சகமான நோய். வண்டி சோம்பும், எஞ்சின் சூடேறும், பெற்றோல் மிகுதியாகச் செலவாகும். எரிந்து முடியாத நெருப்பு புகைக்குழாய்க்குள் சென்று அதனைப் பழுக்கக் காய்ச்சும். சில வேளை சைலன்சரில் வெடியோசையும் கேட்கும்.

கேம் ஷாஃப்ட் பிந்தினால் விளைவு வேறு. உள்ளிழுக்கும் வால்வு உரிய காலத்தில் மூடாது. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னும் அது திறந்திருப்பதால், உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிச் செல்லும். அமுக்கம் குறையும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது தள்ளாடும். முதலாம் கியரிற் கூட ஏற்றத்தில் தளரும். ஆனால் சமதரையில் வேகமெடுத்துவிட்டால் ஓரளவு நன்றாகவே ஓடும். கேம் ஷாஃப்ட் முந்திவிட்டால் இதற்கு நேர்மாறு: தொடக்கத்தில் இழுவை இருக்கும், வேகத்தில் மூச்சு முட்டும்.

இலங்கை வீதிகளில் இன்னும் காணக்கூடிய மொரிஸ் மைனரை உதாரணமாகக் கொள்ளலாம். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமான அந்தக் காரில், 1952ஆம் ஆண்டு முதல் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், பின்னர் 948, 1,098 கன சென்ரிமீற்றர் எஞ்சின்களும் பொருத்தப்பட்டன. இவற்றின் கேம் ஷாஃப்ட்டைச் சங்கிலி சுழற்றுகின்றது. டிஸ்ட்ரிபியூட்டரையோ அந்தக் கேம் ஷாஃப்ட்டே சுழற்றுகின்றது. இவ்வமைப்பு அக்காலத்துக் கார்கள் பலவற்றுக்கும் பொதுவானது. இதிலேதான் ஒரு பெரும் மயக்கம் பிறக்கின்றது.

சங்கிலி தேய்ந்து தளர்ந்தால் கேம் ஷாஃப்ட் பிந்தும். கேம் ஷாஃப்ட்டைத் தொடர்ந்து பொறியும் பிந்தும். பொறி பிந்தியிருப்பதைக் கண்ட ஒருவர், டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது திருப்பிப் பொறியைச் சரிசெய்துவிடுவார். வண்டி சற்றுத் தேறினாற்போலத் தோன்றும். ஆனால் வால்வுகள் பிந்தியபடியே இருக்கும். சில மாதங்களில் மீண்டும் அதே முறைப்பாடு. மீண்டும் அதே திருப்பல். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் திருந்துவது பொறியின் தாளம் மட்டுமே. வால்வின் தாளத்தை அது தொடுவதே இல்லை.

ஆகவே ஆராய்ச்சி ஒழுங்காக நடைபெற வேண்டும். அதன் முதற்படி வினாவே.

"பாஸ், இராகலை ஏத்தத்துல வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று சாரதி சொன்னதும், அனுபவம் மிக்க திருத்துநர் ஸ்பானரை எடுப்பதில்லை. "எப்ப இருந்து தம்பி? திடீர்னா, கொஞ்சங் கொஞ்சமாவா?" என்றே கேட்பார். சிறிது சிறிதாக வலுக் குறைந்ததாயின் தேய்மானத்தை நினைக்கலாம். கராஜில் வேலை செய்வித்த மறுநாளே தொடங்கியதாயின், அடையாளங்கள் பொருந்தாமல் பூட்டப்பட்டிருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கையில் எஞ்சினின் முன்புறத்தில் சலசலப்புக் கேட்டு, உடனே வலுவிழந்ததாயின், சங்கிலி ஒரு பல் தாவியிருக்கக் கூடும். கேம் சக்கரத்தில் 40 பற்கள் இருப்பின், ஒரு பல் தாவுதல் கிராங்க் ஷாஃப்ட்டின் கணக்கில் 18 பாகையாகும்.

இரண்டாவது படி, காலப்பிழை போலத் தோற்றும் பிற குறைகளை நீக்குதல். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இப்பகுதியின் ஈரமும் பனிமூட்டமும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் நீராய்ப் படிந்து, பொறியைச் சிதறச் செய்யும். காலையில் மட்டும் தோன்றி, எஞ்சின் சூடேறியதும் மறையும் கோளாறு பெரும்பாலும் இதுவே. உலர்ந்த துணியொன்றே அதற்கு மருந்து. அடைபட்ட காற்று வடிகட்டி, இறுகிப் பிடிக்கும் பிரேக், வழுக்கும் கிளட்ச் ஆகியனவும் ஏற்றத்தில் வலுக்குறைவு போலவே தோன்றும். பிளக் கம்பிகள் 1, 3, 4, 2 என்னும் எரிவரிசையில் உள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது படி பொறியின் காலத்தைச் சோதித்தல். முதலில் பொயின்ட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். மொரிஸ் மைனர் போன்ற கார்களில் அஃது ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. இடைவெளி குறைந்தால் பொறி பிந்தும், மிகுந்தால் முந்தும். ஆகவே இடைவெளியைத் திருத்தாமல் காலத்தைத் திருத்துவது வீண் வேலை. பின்பு, 12 வோல்ற்று மின்குமிழ் ஒன்றின் ஒரு கம்பியை டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய கம்பியின் முனையிலும், மற்றதை எஞ்சின் உலோகத்திலும் தொடுத்து, சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். பொயின்ட் பிரியும் கணத்தில் மின்குமிழ் ஒளிரும். அக்கணத்தில் முன்புறப் புல்லியிலுள்ள அடையாளம், கைந்நூல் கூறும் பாகையில் நிற்க வேண்டும். நான்கு வீச்சில் புல்லி இரு முறை சுற்றுவதால், அடையாளம் இரு முறை உச்சப்புள்ளிக்கு வரும் என்பதை மறத்தலாகாது. முதற் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையில் பெருவிரலை வைத்தால், காற்று விரலைத் தள்ளும் சுற்றே அமுக்க வீச்சு. இதனை மாற்றிக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரைப் பூட்டினால் எஞ்சின் ஸ்டாட் ஆகாது; காபரேட்டரில் வெடிக்கும்.

ஒளிவிட்டு மின்னும் டைமிங் விளக்கு இருப்பின், எஞ்சின் ஓடும்போதே அடையாளத்தைப் பார்க்கலாம். அடையாளம் ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் துள்ளினால், சங்கிலி தளர்ந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும். வேகத்தைக் கூட்டும்போது அடையாளம் நகராவிடின், விரியவேண்டிய எடைகள் துருப்பிடித்து இறுகியுள்ளன எனலாம். இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அவ்விளக்கின் ஒளியில் சுழலும் காற்றாடி அசையாமல் நிற்பது போலத் தோன்றும். அதை நம்பிக் கையை நீட்டினால் விரல் போய்விடும். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, சில்லுகளுக்குக் கல் அணைத்த பின்னரே எச்சோதனையும் தொடங்க வேண்டும்.

நான்காவது படியே வால்வின் காலத்தைச் சோதித்தல். எஞ்சினின் முன்மூடியைக் கழற்றாமலே இதனைச் செய்யலாம் என்பது பலரும் அறியாதது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ராக்கர் மூடியைத் திறந்து, வால்வு இடைவெளிகள் சரியாக உள்ளனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் எஞ்சினை ஓடும் திசையில் கையால் சுழற்றி, நான்காம் சிலிண்டரின் இரு வால்வுகளையும் கவனிக்க வேண்டும். புகை வெளியேற்றும் வால்வு மூடும் தறுவாயிலும், உள்ளிழுக்கும் வால்வு திறக்கத் தொடங்கும் தறுவாயிலும், இரண்டும் தராசின் இரு தட்டுகள் போலச் சமமாய் நிற்கும் ஒரு கணம் உண்டு. சாதாரண எஞ்சின்களில் அக்கணத்தில் புல்லியின் அடையாளம் உச்சப்புள்ளியை அண்மி நிற்க வேண்டும். சில பாகை வேறுபாடு இயல்பு. அடையாளம் 15, 20 பாகை கடந்து சென்றபின்தான் வால்வுகள் சமநிலைக்கு வருகின்றனவாயின், கேம் ஷாஃப்ட் பிந்தியிருக்கின்றது. அவ்வளவு முன்னதாகவே வந்தால், அது முந்தியிருக்கின்றது.

சங்கிலியின் தளர்வை அறிய இன்னும் எளிய வழியொன்று உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, புல்லியை ஒரு பக்கமாகச் சுழற்றி நிறுத்தி, பின் மெல்ல எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். ரோட்டர் அசையுமுன் புல்லி எத்தனை பாகை வீணே திரும்புகிறதென்று பார்த்தால், இடையிலுள்ள தளர்வு தெரிந்துவிடும். ஐந்தாறு பாகைக்கு மேல் இருப்பின் சங்கிலியைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டும்.

அமுக்கமானியும் துணைசெய்யும். பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, அக்சிலேட்டரை முழுதும் அழுத்தி, ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால், அதன் வால்வோ ரிங்கோ கெட்டிருக்கலாம். நான்கும் ஒரே அளவாகக் குறைந்து, சிறிது எஞ்சின் எண்ணெய் ஊற்றிய பின்னும் உயராவிடின், கேம் ஷாஃப்ட் பிந்தியிருப்பது பெரிதும் கூடும்.

இவ்விடத்தில்தான் மலைநாட்டார் விழிப்பாயிருத்தல் வேண்டும். உடப்புசல்லாவைத் தேயிலை ஏறத்தாழ 950 முதல் 1,600 மீற்றர் உயரத்தில் வளர்கின்றது. உயரம் ஏற ஏற வளிமண்டல அமுக்கம் குறைகின்றது. 5,000 அடி உயரத்தில் அது கடல்மட்டத்தில் இருப்பதன் 83 சதவீதமளவே. ஆகவே கொழும்பில் 150 இறாத்தல் காட்டும் நல்ல எஞ்சின், இங்கு 125 இறாத்தலே காட்டும். வாக்குவம் கேஜ் என்னும் வெற்றிடமானியிலும் அவ்வாறே. கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குல இரசம் காட்டும். ஒவ்வோர் 1,000 அடிக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். 5,000 அடியில் 12 முதல் 16 அங்குலம் காட்டுவது நோயன்று. ஆனால் கடல்மட்டத்துக்கென எழுதப்பட்ட அட்டவணையைப் பார்ப்பவர், அதே அளவைக் கண்டு, வால்வுக் காலம் பிந்திவிட்டதென்று முடிவுகட்டி, எஞ்சினைப் பிரித்துவிடுவார். ஒரு தோட்டத் தொழிலாளியின் மகன் கடன்பட்டு வாங்கிய வேனுக்கு, இல்லாத நோய்க்குச் செய்யும் இச்சிகிச்சை எத்தனை மாத உழைப்பை விழுங்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

வெற்றிடமானி மற்றொரு வகையிலும் வழிகாட்டும். அளவு குறைந்து நிலையாக நிற்கும்போது, டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது முன்னோக்கித் திருப்பிப் பார்க்கலாம். ஊசி அவ்வுயரத்துக்குரிய அளவுக்கு ஏறினால், பிந்தியிருந்தது பொறியே. ஏறாவிடின், டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்திற்கே கொணர்ந்து, மேற்கூறிய வால்வுச் சோதனைக்குச் செல்ல வேண்டும்.

உயரம் செய்யும் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. அமுக்கம் குறைந்த காற்றில் எஞ்சின் எளிதில் கொட்டோசை எழுப்பாது. அதனால் இங்கு காதால் மட்டும் கேட்டுச் சரிசெய்பவர், பொறியை அளவுக்கு மேல் முந்தவைத்து, அதனால் வலு கூடியதாகவும் காண்பார். அந்த வண்டி கொழும்பின் அடர்ந்த காற்றிலும் வெப்பத்திலும் சுமையோடு ஓடும்போது கொட்டத் தொடங்கும். 92 ஒக்டேன் பெற்றோலுக்குப் பதிலாக 95 ஒக்டேன் ஊற்றினால் ஓசை தணியலாம். ஆனால் பிழை திருந்தாது. கீழ்நாட்டுக்கு அடிக்கடி செல்லும் வண்டிக்குக் கைந்நூல் கூறும் அளவே காவல்.

இச்சோதனைகள் யாவும் கேம் ஷாஃப்ட்டையே குற்றங்காட்டினால் மட்டும், முன்மூடியைக் கழற்ற வேண்டும். இரு பல்லுச்சக்கரங்களிலும் பொறிக்கப்பட்ட அடையாளங்கள் கைந்நூல் கூறும் வகையில் பொருந்துமாறு புதிய சங்கிலியைப் பூட்டி, இருமுறை கையால் சுழற்றிப் பார்த்த பின்னரே மூட வேண்டும். அதன் பிறகு பொறியின் காலத்தை மீண்டும் திருத்துதல் கட்டாயம். தேய்ந்த சங்கிலிக்கு ஈடாகத் திருப்பப்பட்டிருந்த டிஸ்ட்ரிபியூட்டர், புதிய சங்கிலியோடு அளவுக்கு மேல் முந்தியிருக்கும்.

புதிய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. இரண்டு ஷாஃப்ட்டுகளின் நிலையையும் உணரிகள் கண்டு கணினிக்குச் சொல்ல, அதுவே பொறியின் காலத்தை வகுக்கின்றது. இரண்டும் ஒவ்வாதபோது பி 0016 போன்ற குறியீட்டை அது காட்டும். அக்குறியீடு சங்கிலித் தளர்வையும் குறிக்கலாம். உணரியின் பழுதையும் குறிக்கலாம். உணரியை மாற்றுமுன் அடையாளங்களைப் பார்ப்பதே முறை. இறப்பர்ப் பட்டி உள்ள எஞ்சின்களிலோ, குறித்த காலத்தில் பட்டியை மாற்றாவிடின் அஃது அறுந்து, பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். டீசல் லொறிக்குப் பொறி இல்லை. அங்கு எரிபொருள் பீச்சும் காலமே பொறியின் இடத்தில் நிற்கின்றது. ஆயினும் வால்வின் தாளம் அதற்கும் உண்டு.

வண்டி உடையவர் திருத்துநராக வேண்டியதில்லை. ஆயினும் அவர் கேட்க வேண்டிய வினாக்கள் சில உண்டு. பொயின்ட் இடைவெளி பார்க்கப்பட்டதா? நான்கு சிலிண்டர்களின் அமுக்கமும் எவ்வளவு? அவ்வளவு இவ்வூரின் உயரத்துக்கு ஒத்ததா? வால்வுகள் சமநிலைக்கு வரும்போது புல்லியின் அடையாளம் எங்கே நின்றது? இவற்றின் விடைகளை வண்டியிலுள்ள ஒரு குறிப்புப் புத்தகத்தில் திகதியோடு எழுதிவைத்தால், அடுத்த முறை வலுக் குறையும்போது ஒப்பிட்டுப் பார்க்க அளவொன்று கையிலிருக்கும். எஞ்சினைப் பிரிப்பதா வேண்டாமா என்பதை அவ்வளவுகளைக் கொண்டு தீர்மானித்தலே நன்று.